கிண்ணம் வென்ற கழகம் எங்கே போனது?

கொஞ்சம் நீண்ட பதிவு. நமது கழகத்து ஆட்கள் மட்டுமாவது கடைசி வரை வாசிங்க.

போன கிழமை தரம் 9 பிள்ளை ஒருவன் கேட்டான். "சேர், சென்னை சிட்டி இப்ப எந்த லீக்ல விளையாடுறாங்க?" எங்கேயோ பழைய கோல் வீடியோ ஒன்று பார்த்திருக்கிறான். எந்த லீக்கிலும் இல்லை மகன் என்றேன். அவன் நம்பவில்லை. "சாம்பியன் ஆன டீம் எப்படி சேர் இல்லாமப் போகும்?"

2019 மார்ச் 9 எனக்கு நல்ல ஞாபகம். உட்துறைமுக வீதியில் மாமா வீட்டுத் திண்ணையில் ஆறு பேர், ஒரு போன். கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் சென்னை சிட்டிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஐ-லீக்கின் கடைசி ஆட்டம். அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால். இவர்கள் தவறினால், அவர்கள் வென்றால் கிண்ணம் கொல்கத்தாவுக்கு. ஆரம்பத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் வாப்பா எழும்பிப் போய்விட்டார். பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு. 3–1. ஈஸ்ட் பெங்காலும் வென்றது, ஆனால் 43க்கு 42, ஒரே ஒரு புள்ளி குறைவு. அதற்கு முந்திய வருடம் எட்டாவது இடத்தில் கிடந்த கழகம் அது. பயிற்றுவிப்பாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர் என்று சொன்னதும் வாப்பாவுக்கு இன்னும் சந்தோசம். அந்தக் கிண்ணம் தமிழ்நாட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

ஆறு கிழமையில் ஈஸ்டர் ஞாயிறு வந்தது. அதற்குப் பிறகு நம்மில் யாருக்கு உதைபந்தாட்டம் பேச மனசிருந்தது? நானும் அந்தக் கழகத்தை மறந்தேன். அந்த வருடமே சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் அதில் 26 வீதப் பங்கு வாங்கியதைப் பிறகுதான் வாசித்தேன். அடுத்து கொரோனா. 2021-22 ஐ-லீக்கில் விளையாடிய 13 அணிகளில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கிண்ணம் தூக்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை.

பிள்ளையின் கேள்விக்குப் பதில் தேடி அன்றிரவு லித்துவேனியா வரை போய்விட்டேன். (மனைவி ஏசினது வேறு கதை.) அங்கே எஃப்பிகே கௌனாஸ் என்று ஒரு கழகம். எட்டுத் தடவை நாட்டின் சாம்பியன். 2008இல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸையே வெளியே அனுப்பியவர்கள். அந்த ரேஞ்சர்ஸ் சில மாதம் முன்தான் யூஈஎஃப்ஏ கிண்ண இறுதிப் போட்டி ஆடியிருந்தது! கௌனாஸுக்குப் பின்னால் இருந்தவர் விளாடிமிர் ரொமானோவ், வங்கி வைத்திருந்த முதலாளி. 2012இல் அந்தக் கழகம் இல்லாமல் போனது. மறு வருடம் அவருடைய வங்கியும் விழுந்தது.

அவரிடம் இன்னொரு கழகமும் இருந்தது, ஸ்கொட்லாந்தின் ஹார்ட்ஸ். அதுவும் 2013இல் கடனில் மூழ்கியது. ஆனால் அங்கே ஆயிரக்கணக்கான ரசிகர்கள் சேர்ந்து மாதாமாதம் காசு கட்டத் தொடங்கினார்கள். 2021இல் கழகம் அவர்கள் கைக்கே வந்தது. இன்றும் ஆடுகிறது. ஒரே முதலாளி, இரண்டு கழகம். கோயம்புத்தூரில் கூடிய சனத்துக்கும் பாசம் இருந்தது, நான் போனில் கண்ட சத்தம் பொய்யில்லை. பாசத்தைச் சேர்த்து வைக்க ஒரு சந்தாக் கொப்பி இருக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்ப நம்ம விசயம். கட்டாரில் இருக்கும் காக்கா நல்ல மனசோடுதான் கேட்கிறார். புது ஜேர்சி, பூட்ஸ், கொழும்பிலிருந்து சம்பளத்துக்கு மூன்று ஆட்டக்காரர். பதிலுக்கு கழகத்தின் பெயர் மாற வேண்டும், தீர்மானம் அவர் சொல்வதாக இருக்க வேண்டும். நான் எதிர்த்துப் பேசியதால் "வாத்தியாருக்குப் பொறாமை" என்று வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். காசை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஜேர்சியும் பூட்ஸும் தாராளமாகத் தரட்டும். ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, கிழிந்த பந்தைத் தைத்துத் தைத்து நம்ம வாப்பாமார் வளர்த்த பெயரை மாற்ற வேண்டாம். அவருக்கு நாளைக்கு அங்கே தொழில் போனால் அந்த மூன்று பேரும் கொழும்புக்குப் போய்விடுவார்கள். நம்ம பிள்ளைகள் அதுவரை பெஞ்சில் இருந்திருப்பார்கள். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையும் நம்ம பதினாறு வயதுக்குக் கீழ் அணியில்தான் ஆடுகிறான்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கூட்டம். மறுத்துப் பேசுபவர்களும் வாங்க, முகத்துக்கு நேரே பேசுவோம். போன மாதம் 41 பேரில் 17 பேர்தான் சந்தா கட்டியிருக்கிறீர்கள். கொப்பி என்னிடம்தான் இருக்கு. என் பெயருக்கு நேரேயும் இரண்டு மாதம் வெறுமை. அந்தக் காசையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.