முள்ளைப் பிடுங்காதீக!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மூன்று காரியம் செய்வார்கள். ஆண்டாளைச் சேவிப்பார்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள். பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். ஊருக்கு மேற்கே சுமார் 8 கிலோமீட்டரில் செண்பகத்தோப்பு என்று ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை உதைத்துக் கிளம்பிவிடுவார்கள்.

போகிற வழியெல்லாம் தென்னந்தோப்பு, மாந்தோப்பு. எதிரே சுவர் எழுப்பியது போல மேற்குத் தொடர்ச்சி மலை. அடிவாரத்தில் பேச்சியம்மன் கோயில். பக்கத்திலேயே பளியர் குடியிருப்பு. மேலே மலைக்குள் காட்டழகர் கோயில். அங்கே போவதற்கு வனத்துறை மனசு வைக்க வேண்டும்.

இந்தக் காட்டுக்கு ஒரு சர்வீஸ் ரிக்கார்டு உண்டு. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். நம் ஆபீசில் 30 வருஷம் குப்பை கொட்டினாலும் சூப்பரின்டெண்ட் ஆவது சந்தேகம். இங்கே அணில், புலியாகவே பிரமோஷன் வாங்கிவிட்டது!

அந்த அணிலைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். உடம்பளவுக்கு வால். மரத்துக்கு மரம் தாவியே காரியத்தை முடித்துக்கொள்ளும். பெட்ரோல் வேண்டாம், டயர் வேண்டாம், முக்கியமாகப் பஞ்சர் கிடையாது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஏனென்றால் இந்தப் பக்கம் முள் ஏராளம். சீமைக் கருவேலம் இந்த மாவட்டத்தில் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்ட விருந்தாளி. போதாததற்கு, தோப்புகளின் வேலிக்கு முள் வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வழியில் நாலு முள் சிந்தாமல் இருக்குமா?

போன மாதம் ஒரு ஞாயிறு. நானும் ஆபீஸ் நண்பரும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். சாயங்காலம் நாலரை மணி. வண்டியின் பின்பக்கம் இடுப்பை ஆட்ட ஆரம்பித்தது. பின் டயர் காற்று இறங்கினால் அப்படித்தான், வால் ஆடும். முன் டயர் என்றால் ஹேண்டில்பார் கனக்கும். எதுவானாலும் பிரேக்கைப் போட்டு அமுக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, வண்டியைத் தானாக வேகம் குறைய விட்டு ஓரங்கட்ட வேண்டும். ஓரங்கட்டினோம்.

"என்ன சார், முன்னாடி போற சக்கரத்தை விட்டுட்டுப் பின்னாடி வர்றதுல போய்க் குத்தியிருக்கு?" என்றார் நண்பர்.

அதற்குக் காரணம் சொல்வார்கள். தரையில் சும்மா படுத்திருக்கும் முள்ளை முன் சக்கரம் தட்டி எழுப்பிவிடும். எழுந்து நிற்கும் முள்ளை அடுத்து வரும் பின் சக்கரம் வாங்கிக்கொள்ளும். தப்புப் பண்ணியது ஒருவர், மெமோ வாங்குவது இன்னொருவர். தவிரவும், பின் சக்கரத்தின் மேல்தான் பாரம் அதிகம். நண்பரின் எடையை இங்கே வெளியிட்டால் நட்பும் பஞ்சராகிவிடும்.

டயரைச் சுற்றித் தடவினேன். கருவேல முள் ஒன்று உடைந்து, நுனி மட்டும் வெளியே தெரிந்தது. நண்பர் நகத்தால் நெம்பப் போனார்.

"யோவ்... முள்ளப் புடுங்காதீக!"

பக்கத்துத் தோப்பின் காவல்காரர். அறுபது வயதிருக்கும். தலையில் துண்டு, கையில் கம்பு.

"அது உள்ள இருக்கிற வரைக்கும் அதுதான் தக்கை. காத்து மெள்ளத்தான் இறங்கும். புடுங்குனீகன்னா புஸ்ஸுன்னு போயிரும். இப்பிடியே காத்தடிச்சு அடிச்சு ஊருக்குப் போயிச் சேருங்க தம்பி. இருட்டுனா மாந்தோப்புக்கு யானை இறங்கும். நானே பரண்ல ஏறிருவேன்."

யானை என்றதும் நண்பர் முள்ளிலிருந்து கையை எடுத்தார். சுற்றிலும் பஞ்சர் கடை எதுவும் கிடையாது. செல்போனில் டார்ச் இருக்கிறது, கேமரா இருக்கிறது, காற்று மட்டும் இல்லை! நல்ல வேளை, பையில் சின்னக் கால் பம்ப் வைத்திருந்தேன்.

காற்றை அடிப்பது. நான் மட்டும் வண்டியில் மெதுவாகப் போவது. டயர் சப்பையாகத் தொடங்கியதும் நிறுத்தி, பின்னால் நடந்து வரும் நண்பருக்குக் காத்திருந்து மறுபடி அடிப்பது. இப்படி நாலு தவணை. காற்றில்லாத டயரில் மட்டும் ஏறி ஓட்டவே கூடாது. உள்ளே டியூப் சுருண்டு, வால்வு அடியோடு பிய்ந்துவிடும். அப்புறம் ஒட்டுப் போட ஒன்றும் மிஞ்சாது, புது டியூப்தான். ரிம்மும் நெளிந்தால் செலவு இன்னும் ஏறும். பம்ப் இல்லாதவர்கள் தள்ளிக்கொண்டு போவதே உத்தமம். இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு கூடவே நடந்தால் பாதி வேலையை வண்டியே செய்துவிடும்.

இருட்டும் நேரத்துக்கு ஊருக்குள் ஒரு பஞ்சர் கடை கிடைத்தது. கடை என்றால் ஒரு கம்ப்ரஸர், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு அண்ணாச்சி.

சக்கரத்தைக் கழற்றி, லீவர் போட்டு நெம்பி, டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கினார். குமிழி வந்தது. அந்த இடத்தில் அடையாளம் வைத்தவர், அதோடு நிற்காமல் முழு டியூபையும் ஒரு சுற்று முக்கினார். இன்னோர் இடத்திலும் குமிழி! நீளமான முள் ஒரு பக்கம் புகுந்து மறு பக்கமும் துளைத்திருந்தது. முதல் ஓட்டையைப் பார்த்த சந்தோஷத்தில் ஒட்டுப் போட்டு அனுப்பியிருந்தால், வீடு போவதற்குள் மறுபடி இறங்கியிருக்கும்.

அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவிவிட்டு, அண்ணாச்சி டீ சொன்னார்.

"ஒட்டலியாண்ணே?"

"காயணும்லா தம்பி. ஈரத்துல ஒட்டுனா நிக்காது. பஞ்சர்ல பாதி வேலை சும்மா இருக்கிறதுதான்."

இந்தக் காத்திருப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. காற்றடித்த டயரை 1888-ல் பிரபலமாக்கியவர் டன்லப். பெல்ஃபாஸ்ட் நகரத்து மாட்டு டாக்டர். தன் பையனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தார். ஆனால் அந்தக் காலத்து டயரை ரிம்மோடு சேர்த்தே ஒட்டியிருப்பார்கள். பிரான்சில் மிஷலின் சகோதரர்களின் பட்டறைக்கு அப்படி ஒரு பஞ்சர் சைக்கிள் வந்தது. சரி பண்ண மூன்று மணி நேரம், பசை காய ஒரு ராத்திரி! வெறுத்துப்போய்க் கழற்றி மாட்டக்கூடிய டயரை உருவாக்கி, 1891-ல் காப்புரிமை வாங்கினார்கள். மறு வருஷம் அவர்களே ஒரு சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள். தங்கள் டயரில் பஞ்சர் ஒட்டுவது எவ்வளவு சுலபம் என்று உலகத்துக்குக் காட்ட என்ன செய்தார்கள் தெரியுமா? ரோட்டில் ஆணியைத் தூவினார்கள்! பஞ்சர் கடைக்காரர்தான் ஆணி போடுகிறார் என்று நம் ஊரில் சந்தேகப்படுகிறோமே, அந்தப் புகாரின் மூல விக்கிரகம் இதுதான்.

டீ முடிந்தது. இரண்டு ஒட்டும் போட்டாயிற்று. அண்ணாச்சி டியூபை உள்ளே திணிக்கவில்லை. ஒரு பழைய பனியன் துணியை எடுத்து டயரின் உள்பக்கம் ஒரு சுற்றுத் துடைத்தார். ஓரிடத்தில் துணி மாட்டியது. குறடால் இழுத்தார். முக்கால் அங்குல முள் வெளியே வந்தது.

"ரோட்ல இதப் புடுங்கக் கூடாது. கடையில இதப் புடுங்காம டயர மாட்டக் கூடாது. ஓட்டைய மட்டும் அடைச்சிட்டுப் போறவன் நாளைக்கும் இங்கதான் வருவான்" என்றார்.

டியூப்லெஸ்காரர்களுக்கும் முதல் பாதி அப்படியே பொருந்தும். கையில் சாமான் இல்லாமல் முள்ளைப் பிடுங்கினால் அங்கேயே உட்கார வேண்டியதுதான். சாமான் இருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே, முள்ளை எடுத்துவிட்டு, துளையைக் குடைந்து ரப்பர் திரியைச் செருகி, மிச்சத்தை வெட்டிவிடலாம்.

காசு கொடுத்தபோது நண்பர் சும்மா இருக்காமல் கேட்டார்: "இப்பல்லாம் டியூப்லெஸ்தான் நிறைய வருது. உங்க தொழில் என்னண்ணே ஆகும்?"

அண்ணாச்சி அந்த முள்ளை எடுத்துப் பக்கத்திலிருந்த டப்பாவில் போட்டார். உள்ளே ஏற்கெனவே அரை டப்பா முள்.

"டியூப் இல்லாம டயர் வந்திருச்சு, சரிதான். முள் இல்லாம காடு வந்திருச்சா தம்பி?"