வீட்டில் 1,815... வெளியில் 1,815!

எனக்கு பேஸ்பால் ஆடத் தெரியாது. மைதானத்துக்குப் போய் ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. ஆனால், ராத்திரி பத்து மணிக்கு மேல் அமெரிக்க பேஸ்பால் கணக்குகளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பி.காம். படித்தவனின் வியாதி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அப்படி என்னதான் இருக்கிறது என்கிறீர்களா? கிறிஸ் டேவிஸ் என்று ஓர் ஆட்டக்காரர். 2015-ல் அவருடைய பேட்டிங் சராசரி .247. அதாவது, ஆயிரத்துக்கு 247 ஹிட் என்ற கணக்கு. 2016-ல்? .247. 2017-ல்? .247. 2018-ல்..? நீங்களே சொல்லிவிடுவீர்கள். நடுவில் டீம்கூட மாறினார். எண் மாறவில்லை!

ஹாங்க் ஆரனின் சட்டை எண் 44. அவர் நான்கு சீஸன்களில் அடித்த ஹோம் ரன்கள், கரெக்டாக 44!

இதற்கெல்லாம் அர்த்தம் உண்டா? கிடையாது. நூறு வருஷத்துக்கும் மேலான கணக்கு, ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள். அத்தனை எண்களைக் கொட்டினால், எங்கேயாவது நாலு எண் கைகோத்துக்கொண்டு நிற்கத்தான் செய்யும். ஜோசியம் பார்க்க வேண்டாம். ரசித்துவிட்டுப் போகலாம்.

ஆனால், ஸ்டான் மியூசியல் என்னைச் சும்மா விடவில்லை.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 22 சீஸன் ஆடியவர். மொத்தம் 3,630 ஹிட். அதில் சொந்த மைதானத்தில் 1,815. வெளியூர் மைதானங்களில் 1,815. ஒன்று கூட இல்லை, ஒன்று குறைய இல்லை. பற்றும் வரவும் டேலி!

துள்ளிக்கொண்டு போய் மனைவியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

''ஏங்க, வெளியில எல்லார்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறீங்க. வீட்டுக்குள்ள வந்தா 'ம்'... 'ம்ஹூம்'. உங்க கணக்கு டேலி ஆகுமா?''

முதல் நாள் சாயங்காலம்தான், முன்பின் தெரியாத ஒரு வாசகரோடு போனில் அரை மணி நேரம் பேசியிருந்தேன். நோட்டோடு வந்து நின்ற மகளிடம், 'அப்புறம் பார்க்கலாம்' என்று கையைக் காட்டினேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

ஒரு தாளில் நடுவே கோடு போட்டேன். ஒரு நாளில் யாரிடமெல்லாம் முகம் பார்த்து நல்லபடியாகப் பேசினேன் என்று குறித்தேன். வெளியில்: 31. வீட்டில்: 4. அதிலும் இரண்டு, 'ரிமோட் எங்கே?'

எண்ணுக்கு அர்த்தம் இல்லைதான். அவள் கேட்ட கேள்விக்கு இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மியூசியலின் கடைசி மேட்ச் 1963 செப்டம்பர் 29-ல், சொந்த மைதானத்தில். அன்று காலைவரை அவருக்கும் வீட்டுக் கணக்கில் இரண்டு பாக்கி இருந்தது. அன்றைக்கு அடித்த ஹிட், சரியாக இரண்டு. இரண்டாவதை அடித்ததும், அவருக்குப் பதிலாக ஓட வேறு ஆளை இறக்கினார்கள். பாக்கி தீர்ந்தது, ஆட்டமும் முடிந்தது.

என் பாக்கி 27. நல்லவேளை, எனக்கு இன்னும் ஆட்டம் முடியவில்லை. மகளின் நோட்டை நானே போய்க் கேட்டு வாங்கினேன்.

உங்களுக்கு எவ்வளவு பாக்கி?