மதியத்துக்கு மேல் விலகிய அளவு

கோயம்புத்தூரில் சி.என்.சி. லேத்துகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த காலம். ஒரு மெஷினில் காலையில் சரியாக வரும் உருப்படி, மதியத்துக்கு மேல் 10, 15 மைக்ரான் விலகியது. தலைமுடியின் கனமே 70 மைக்ரான் போல இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். புரோகிராமை வரிவரியாகப் பார்த்தேன். பிழை இல்லை. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவர் எட்டயபுரம் பக்கம், நான் கோவில்பட்டி. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். கோபப்படவில்லை மனுஷர்.

"தம்பி, நம்ம கரிசக்காடே வெயிலுக்குப் பாளம் பாளமா வெடிக்குது. நாள் முழுக்க ஓடுற ஸ்குரு மட்டும் அப்படியே இருக்குமா?"

மெஷினை நிறுத்திவிட்டுப் பால் ஸ்குருவைத் தொட்டேன். கதகதவென்று இருந்தது. ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். கல்லூரியில் படித்ததுதான்! ஸ்குரு பக்கத்தில் சென்சார் வைத்து, சூட்டுக்குத் தக்கபடி அளவைத் திருத்தும் வரிகளைச் சேர்த்தேன். மதிய உருப்படியும் சரியாக வந்தது.

ரிப்போர்ட்டையும் மாற்றி எழுதிக் கொடுத்தேன். அதற்குள் அண்ணாச்சியின் அந்த மாத இன்சென்டிவைப் பிடித்துவிட்டார்கள்.

"போகுது, விடுங்க தம்பி" என்றார். அந்தப் பணம் அவருக்குத் திரும்பி வரவேயில்லை.