மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள்

அஞ்சலகத்தில் கூட்டம் குறைகிற நேரம் பார்த்துத்தான் அவர் வருவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நிறம் மங்கிய சட்டை, வேட்டி, கையில் மஞ்சள் பை. பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து மேசைமேல் வைக்கிறார். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ‘மதிப்புரைக்காக’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார். மை காயும்வரை பக்கத்தை மூடுவதில்லை. விரித்தபடியே பிடித்துக்கொண்டு நிற்கிறார். நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியை அளவாக வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார். அந்த அட்டைகளுக்கு நடுவே புத்தகங்களைத் தனித்தனியாக வைத்துப் பழுப்புத் தாளில் சுற்றி, தறியில் கழித்த நூலால் கட்டுகிறார். முடிச்சு மட்டும் நெசவுக்காரர் முடிச்சு. இரண்டே விரலில் விழுந்து இறுகிவிடுகிறது.

பத்திரிகைகள் மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் கேட்கும். பெரிய பதிப்பகத்துக்கு அது கணக்கிலேயே வராது. 300 பிரதி போட்டவருக்கு அப்படியில்லை. தபால் செலவு வேறு. பதிவுப் புத்தக அஞ்சல் என்று மலிவாக ஒன்று இருந்தது. 2024 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று வேறொன்று வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய். அவர் புத்தகம் அந்த எடையைக் கொஞ்சம் தாண்டுகிறது. எடைபோடும் பெண், “இன்னும் நாலு பக்கம் கொறைச்சு எழுதியிருக்கலாமில்லீங்கண்ணா” என்கிறார், அன்பாகத்தான். அவர் சிரித்துக்கொண்டு சில்லறையை எண்ணுகிறார். ரசீதுகளை ஒரு சின்ன நோட்டில் ஒட்டிவைக்கிறார். அனுப்பிய தேதிக்கு எதிரே ‘வந்தது’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தவரை கட்டங்கள் வெறுமையாகத்தான் இருந்தன.

எடப்பாடியில் எந்தத் தெருவில் நின்றாலும் தறிச் சத்தம் கேட்கும். அதில் பிறந்து, ஊடை நூலைச் சுற்றித் தார் போட்டு, தறி ஓட்டி, பிறகு சொந்தமாக நாலு தறி வைத்தவர் அவர். நாவலும் தறியைப் பற்றியதுதான். சில பதிப்பகங்களுக்கு அனுப்பினார்; பதிலில்லை. ஒன்று மட்டும் பணம் கொடுத்தால் போடுகிறோம் என்றது. அப்படியானால் நாமே போட்டுக்கொள்ளலாமே என்று ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து அச்சுக்குக் கொடுத்தார். தமிழில் ஒரு காலத்தில் ஒரு பதிப்பு என்றால் 1,200 பிரதி. இப்போது 300 போதும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் காசு கிடையாது. தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை கொடுக்கிறது. 1954-ஆம் வருடச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்பதைக் கேட்டறிந்து அதையும் செய்தார். ஊர்க்காரர்கள் படிப்பதற்கு முன்னால் அவர் புத்தகம் கல்கத்தா போய்ச் சேர்ந்துவிட்டது.

இது இவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பாரதியார் 1920-இல் கடையத்திலிருந்து ஓர் அறிக்கை விடுத்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதியாக அச்சிடுவது திட்டம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போகிற வீட்டுக்கெல்லாம் அவை போய்ச் சேரவேண்டும். ஆளுக்கு 100 ரூபாயாவது கடன் கொடுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன், புரோநோட்டும் எழுதித் தருகிறேன் என்றார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் போய்விட்டார். பிரான்சில் புரூஸ்தும் தம் பெருநாவலின் முதல் பாகத்தை 1913-இல் கைக்காசு போட்டுத்தான் கொண்டுவந்தார். ஆனால் அவர் வசதியான வீட்டுப் பிள்ளை.

சி.சு. செல்லப்பாவை நினைக்கும்போதுதான் எனக்கு மனம் கனக்கிறது. 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தியவர். ‘வாடிவாசல்’ அவரே போட்ட புத்தகம். கடைகள் வாங்காதபோது புத்தகங்களை மூட்டை கட்டித் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போனார். சில பயணங்களில் வல்லிக்கண்ணனும் கூடப் போனார். பேராசிரியர்களின் அறை வாசலில் காத்திருந்து ஒன்று, இரண்டு என்று விற்ற மனிதர் அவர். ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாக 1997-இல் தாமே வெளியிட்டபோது வயது 85-ஐ நெருங்கிவிட்டது. மறு ஆண்டு டிசம்பரில் இறந்தார். அந்த நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டது 2001-இல். ‘வாடிவாசல்’ இன்று பதிப்புமேல் பதிப்பாகப் போகிறது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் அதைப் படக்கதைக்கு எழுதித்தர, அப்புபென் ஓவியத்தோடு 2023-இல் ஆங்கிலத்தில் வந்தது. மூட்டை சுமந்த தோள் அதைப் பார்க்கவில்லை. காலம் தாழ்ந்தாவது மரியாதை வந்ததே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை. உயிரோடு இருந்தவரிடம் பேசியிருக்க வேண்டிய பேச்சு அது.

நம்மவர் நாவலின் வெளியீட்டு விழாவுக்கு நான் போயிருந்தேன். பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பொன்னாடைகள் நிறைய விழுந்தன. பேசியவர்கள் அவருடைய உழைப்பைப் பேசினார்கள், அடக்கத்தைப் பேசினார்கள், எடப்பாடி மண்ணின் பெருமையைப் பேசினார்கள். ஒருவர் பேச்சின் நடுவே அட்டையைத் திருப்பிப் பார்த்து நாவலின் பெயரைச் சொன்னார். கதையில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயர்கூட மேடையில் ஒலிக்கவில்லை. அவர் மட்டும் ஒவ்வொருவர் பேச ஆரம்பிக்கும்போதும் நாற்காலி நுனிக்கு வந்தார். பேச்சு முடியும்போது பின்னால் சாய்ந்தார்.

சனிக்கிழமை கூலி நாள். அன்று டீக்கடையில் கூட்டம் இருக்கும் என்று பையோடு வருகிறார். தறிப்பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம், “அண்ணா, புக்கு போட்டிருக்கறனுங்க” என்று நீட்டுகிறார். “அட, நீயா எழுதுன? பரவால்லயே. கையெழுத்துப் போட்டுக் குடு.” விலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. 320 ரூபாய்ப் புத்தகம் அன்பளிப்பாகக் கைமாறுகிறது. வாங்கினவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு நூல் விலையைப் பேசத் தொடங்குகிறார். டீ கிளாஸை எடுத்து அட்டைமேல் வைக்கிறார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளாஸை மெல்லத் தூக்கிப் பக்கத்தில் வைத்து, தோள் துண்டால் அந்த ஈர வளையத்தைத் துடைத்துவிட்டு நகர்கிறார்.

கடைகளுக்குக் கொடுத்தால் 35 சதவீதம், 40 சதவீதம் கழிவு. விற்ற பிறகுதான் காசு. விற்றதா என்று கேட்கப் போகிற பஸ் செலவு அதில் சேராது. ஆகஸ்டில் ஈரோட்டில் புத்தகத் திருவிழா, 2005-லிருந்து நடக்கிறது. ஒரே ஒரு புத்தகத்துக்கு அரங்கு எடுக்க முடியுமா? தெரிந்தவர் அரங்கில் ஓர் ஓரமாகப் பத்துப் பிரதி அடுக்கிவைக்க இடம் கிடைத்தால் அதுவே பெரிது. சாயங்காலம் அந்த அடுக்குக்கு எதிரே யாரோபோல நின்று, எடுத்துப் பார்க்கிறவர் முகத்தைப் பார்ப்பார். புரட்டி, பின்னட்டையைப் படித்து, திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள். அவர் போய்ப் புத்தகத்தை நேராக அடுக்கிவைப்பார்.

நான் குடியிருக்கும் தெருவில் தார் போடுகிற ஓர் அம்மா இருக்கிறார். திண்ணையிலேயே மிஷின். ஒருநாள் மாலை அவ்வழியாக வந்த நம்மவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“ஏந்தம்பி, கரண்டு போன ராத்திரில அந்தப் புள்ள தார் போட்டுக்கிட்டு அழுவுதுன்னு எழுதியிருக்கறியே. கரண்டு இல்லாம தார் மிசினு எப்படி ஓடும்?”

அவர் அப்படியே நின்றுவிட்டார். “எத்தனாவது பக்கம்க்கா?” என்றார்.

“பக்கம் எனக்கென்ன தெரியும்? எம்பேத்தி படிச்சுக் காட்டுனா. அவங்கம்மா செத்தாளே, அதுக்கு மறுநா ராத்திரி.”

பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் பக்கத்தைத் தேடிப்பிடித்து, ஓரத்தில் பேனாவால் கோடு போட்டார். “அடுத்த பதிப்புல திருத்திடறங்க்கா” என்றார். அந்தம்மா விடவில்லை. “அந்தப் புள்ள பொறவு பூலாம்பட்டில பரிசல் ஏறுச்சே, அங்கயே முடிச்சுப்புட்டியே. நெரிஞ்சிப்பேட்டைக்குப் போய்ச் சேந்துச்சா இல்லியா?” எழுதியவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மிஷினை நிறுத்திவிட்டு இருவரும் அந்தப் பெண் எங்கே போயிருப்பாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பொன்னாடை விழுந்தபோது அவர் முகத்தில் இல்லாத வெளிச்சத்தை அன்று பார்த்தேன்.

நானும் அந்த நாவலைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தேன். முதல் நாற்பது பக்கம் இழுக்கிறது. ஊர் வரலாறு முழுவதையும் அங்கேயே சொல்லிவிடப் பார்க்கிறார். நல்லவர்கள் மிக நல்லவர்களாக இருக்கிறார்கள். நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் கையில் போயிருந்தால் ஐம்பது பக்கம் குறைந்திருக்கும். ஆனால் தைப்பூசத்துக்கு எடப்பாடிக் காவடி பழனிக்கு நடந்து போகிற அத்தியாயம் இருக்கிறதே, அதை இந்த ஊர்க்காரரைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவதையும், மலைமேல் இரவு தங்க எடப்பாடிக்காரர்களுக்கு இருக்கிற உரிமையையும், கடன் வாங்கியவரும் கடன் கொடுத்தவரும் ஒரே படியில் படுத்துத் தூங்குவதையும் அருகிலிருந்து எழுதியிருக்கிறார். நெசவாளர் வாழ்வைத் தொ.மு.சி. ரகுநாதன் 1953-லேயே ‘பஞ்சும் பசியும்’ என்று எழுதினார். செக் மொழிவரை போன நாவல் அது. ஆனால் அது தெற்கத்திக் கைத்தறி. கரண்டில் ஓடும் தறியையும், ஷிப்டு முடிந்து காது மந்தமாகி வீடு திரும்புகிறவர்களையும் இந்த மேட்டுநிலத்துப் பேச்சில் எழுத இங்கேயே ஒருவர் வேண்டியிருந்தது. இவர் எழுதியிருக்கிறார். குறையோடு எழுதியிருக்கிறார், உண்மையாக எழுதியிருக்கிறார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் பையோடு நடந்துகொண்டிருப்பார். அவர் இலவசமாக நீட்டினால் வாங்காதீர்கள். விலையைக் கொடுத்து வாங்குங்கள். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டுகிறோம். கிளை நூலகத்தில் அவர் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பொன்னாடை வேண்டாம். படித்துவிட்டு, எந்த இடம் பிடித்தது, எந்த இடம் தப்பு என்று அவரை நிறுத்திச் சொல்லுங்கள்.