சும்மா நிற்கும் கால்

பிரெட்போர்டில் சர்க்யூட் தகராறு செய்தால் முதலில் திட்டு வாங்குவது ஐ.சி.தான். பல நேரம் தப்பு அதன் மேல் இருக்காது.

பாலிடெக்னிக் மாணவி ஒருத்திக்கு மறுநாள் பிராக்டிகல். பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஒரு எல்.இ.டி. நகர வேண்டும். ஆனால், கை பக்கத்தில் போனாலே பத்தும் தாறுமாறாக ஓடின. 4017 ஐ.சி.யை இரண்டு முறை மாற்றியும் பலனில்லை.

அப்பா டி.வி. ரிப்பேர் கடையை மூடி நாலு வருஷம். அவருக்கு இந்த ஐ.சி. புதிது, இரைச்சல் பழசு. "எந்தக் காலு சும்மா நிக்குது பாரும்மா" என்றார்.

13, 15 இரண்டும் எதிலும் சேரவில்லை. பட்டனை விட்டால் 14-ம் அப்படித்தான். அந்தரத்தில் நிற்கும் கால், வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸை ஏரியல் போலப் பிடித்துக்கொள்ளும். 13, 15 கிரவுண்டுக்குப் போயின. 14-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கே ரெசிஸ்டர். சப்ளை வரும் 16-க்கும் 8-க்கும் நடுவே 104 கண்டன்சர். ஓட்டம் நின்றது.

ஆனாலும் ஒரே அழுத்தலுக்கு இரண்டு விளக்கு தாண்டியது. பட்டனுக்குள் தகடு சில மில்லி செகண்ட் துள்ளும், ஐ.சி. ஒவ்வொரு துள்ளலையும் எண்ணிவிடும். அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் 1 மைக்ரோஃபாரட் கண்டன்சரைச் சேர்த்ததும் அடங்கியது.

"உங்க சால்டரிங் அயர்ன் இன்னும் இருக்காப்பா?"

"பரண்ல இருக்கு" என்றவர், அப்போதே ஸ்டூலைத் தேடிப் போனார்.