எங்கள் கொல்லைக்கு வந்த வடக்கத்தி விருந்தாளி

காஞ்சிபுரம் வருகிறவர்கள் கோயிலைப் பார்ப்பார்கள், பட்டுப்புடவை எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். பிள்ளையார்பாளையத்து வீடுகளின் கொல்லைப்புறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? எங்கள் வீட்டில் முன்கட்டில் தறி. பின்னால் கிணறு, மாமரம், நாரத்தை, அதன் கீழே கணுக்கால் அளவு சருகு.

போன ஐப்பசியில் ஒரு விடிகாலை, கொல்லை ஜன்னலில் 'டொப்'பென்று ஒரு சத்தம். "அம்மா, பொம்மை மாதிரி ஒரு குருவிம்மா!" என்று சின்னவள் கத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். மைனாவைவிடச் சின்னது, வால் இருக்கிறதோ இல்லையோ என்று கட்டையாக. பச்சை முதுகு, இறக்கையில் மயில்நீலம், சந்தன நிற மார்பு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. எந்தத் தறிக்காரர் இத்தனை நிறத்தை ஒரே புடவையில் கொண்டுவருவார்!

அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பழைய துணி விரித்து, இருட்டில் வைத்தோம். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். மகளின் டீச்சர் வந்து பார்த்து, "ஆறுமணிக் குருவி" என்றார். இந்தியில் 'நவரங்' என்பார்களாம். இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே நம்மூருக்கும் இலங்கைக்கும் வருமாம். இரவில் பறந்து வந்த களைப்பில் இப்படி வீடுகளில் வந்து விழுவதுண்டாம். வேடந்தாங்கலுக்கு வருகிற பறவைகளுக்கு ஏரி வேண்டும். இதற்கோ மரநிழலும் மக்கின சருகும் போதும். சருகைப் புரட்டிப் பூச்சி, புழு பொறுக்கித் தின்னும்.

எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. மறுவாரம் கொல்லை முழுக்கச் சிமெண்ட் போடக் கொத்தனாரிடம் அச்சாரம் கொடுத்தாகிவிட்டது! "தேள், பாம்பு அடையும்" என்பது அத்தையின் பயம். அதுவும் நியாயம்தானே, குழந்தை நடமாடுகிற இடம். "ஒரு குருவிக்காகவா?" என்றார் வீட்டுக்காரர். இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை. கடைசியில் கிணற்றடி வரை சிமெண்ட், நாரத்தை மூலையில் சருகு என்று முடிவாயிற்று. அந்தப் பக்கம் செருப்பில்லாமல் போகக்கூடாது என்பது சின்னவளுக்குக் கட்டளை.

அன்று சாயங்காலமே குருவியை நாரத்தையடியில் விட்டிருந்தோம். தத்தித் தத்திப் போய்ச் சருகுக்குள் மறைந்தது. நாலாம் நாள் அந்தியில் இரட்டை விசில் மாதிரி ஒரு கூவல். அதே குருவியோ வேறொன்றோ, யார் கண்டது! அது கூவினால்தான் அத்தை விளக்கேற்றுவார்.

சித்திரை பிறந்ததும் கூவல் நின்றுவிட்டது. "என்னடி, இன்னும் சத்தத்தைக் காணோம்?" என்று கையில் தீப்பெட்டியோடு கொல்லை வாசலில் நின்றுகொண்டிருந்தார் அத்தை.