"நீர் எந்த இடம்?"

கம்பஸுக்கு வந்த முதல் கிழமை. விடுதியில் எனக்குக் கட்டில் காட்டிய அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"யாழ்ப்பாணம் அக்கா."

"அது தெரியும். யாழ்ப்பாணத்தில எந்த இடம்?"

"வேலணைப் பக்கம்."

பொய். வேலணையில் எனக்கு ஒரு மாமி வீடு இருக்கிறது, அவ்வளவுதான். நான் நெடுந்தீவு. வேலணை என்றால் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போய்விடலாம். நெடுந்தீவு என்றால் குறிகட்டுவான் மட்டும் பஸ், பிறகு ஒரு மணித்தியாலம் அளவில் கடல். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் தூரம் கூடக் கூட "தீவு" என்ற சொல்லின் பாரமும் கூடும். இதில் எங்களுக்குள்ளேயே படிகள் உண்டு. வேலணைக்காரர் "நாங்கள் தீவில்லை, ரோட்டால வரலாம்" என்பார்கள். புங்குடுதீவாருக்கும் பாலம் இருக்கிறது. நயினாதீவுக்குக் கடல் கொஞ்சம், அம்மனும் இருக்கிறா, சனம் வந்து போகும். கடைசியில் மிஞ்சுவது நாங்கள்தான்.

என் பொய் மூன்று கிழமைதான் தாக்குப்பிடித்தது. ஒரு சனி, ஞாயிறு வீட்டுக்குப் போன இடத்தில் காற்று எழும்பி, போட் ஓடவில்லை. திங்கட்கிழமை குழுவாகச் செய்ய வேண்டிய ஒப்படை ஒன்றுக்கு நான் இல்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்து காரணம் சொன்னபோது ஒருத்தி சிரித்தாள்: "ஓ, நீர் தீவோ? முதலே சொல்லியிருக்கலாமே!"

அந்த "தீவோ"வுக்குள் ஒரு முழுப் பட்டியல் இருந்தது என்று பிறகுதான் விளங்கியது. தீவார் கஞ்சர். தீவார் ஆட்களோடு சேரமாட்டினம். எந்த நிகழ்ச்சியிலும் பாதியில் எழும்பி ஓடிவிடுவினம். அதற்குப் பிறகு நான் என்ன செய்தாலும் அது அந்தப் பட்டியலில் போய் ஒட்டிக்கொண்டது. அரை வாளித் தண்ணியில் குளிப்பது என் பழக்கம். "தண்ணியிலயும் கஞ்சத்தனமோ?" என்று பகிடி. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முடிய முதல் பையைத் தூக்கினால், "பாத்தியளோ, தீவார் சேரமாட்டினம் எண்டனான்."

நெடுந்தீவில் நல்ல தண்ணி என்பது சும்மா கிடைப்பதில்லை. எத்தனையோ கிணறுகள் உவர். கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிதண்ணி எடுக்கிற நிலையம் வந்தது பிந்தித்தான். அம்மா அரிசி கழுவிய தண்ணியை முருங்கைக்கு ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வாளி நிறைய அள்ளி ஊற்றினால் எனக்கு நெஞ்சு திக்கென்கும். நிகழ்ச்சி முடியும் வரை நின்றால் கடைசிப் போட் போய்விடும். பிறகு குறிகட்டுவானில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இது என் குணம் இல்லை, எங்கள் ஊரின் தண்ணிக் கணக்கும் போட் கணக்கும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு வாளியும் பையும்தான் தெரியும். கடல் தெரியாது.

இரண்டாம் வருடம் உளவியல் வகுப்பில் இதற்கு ஒரு பெயர் இருப்பதைப் படித்தேன். 1967இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்து, எழுதியவரின் உண்மையான கருத்து என்ன என்று கேட்டார்கள். "எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை எழுதியவர் தீர்மானிக்கவில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது" என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளுக்குள்ளும் கொஞ்சம் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்றே மாணவர்கள் கணித்தார்கள். அதாவது, ஒருவரின் செயலுக்குப் பின்னால் இருக்கும் நிலைமை தெரிந்தாலும், அதை விட்டுவிட்டு அவருடைய குணத்தைத்தான் காரணமாக்குகிறோம். 1977இல் லீ ராஸ் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் "அடிப்படைக் காரணம் கற்பித்தல் வழு" எனலாம். பெயர் நீளம். விஷயம் என் அரை வாளித் தண்ணிதான்.

எல்லாச் சமூகத்திலும் மனிதர் இப்படித்தானா? இங்கேதான் பண்பாடு உள்ளே வருகிறது. 1984இல் ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் சிக்காகோவிலும் மைசூரிலும் ஆட்களிடம், தங்களுக்குத் தெரிந்த ஒருவர் செய்த நல்லதையும் கெட்டதையும் சொல்லி, ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கக் கேட்டார். சிறு பிள்ளைகளின் விளக்கங்களில் இரண்டு ஊர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏறத்தான் பிரிந்தது. அமெரிக்கப் பெரியவர்கள் "அவர் அப்படியான ஆள்" என்று குணத்தைக் கூடுதலாகச் சொன்னார்கள். மைசூர்ப் பெரியவர்கள் கடமை, உறவு, சூழ்நிலை என்று நிலைமையைக் கூடுதலாகச் சொன்னார்கள். ஆக, மற்ற மனிதரை எப்படி விளங்கிக்கொள்வது என்பதையே நாங்கள் வளர்கிற இடம் எங்களுக்குப் பழக்கிவிடுகிறது.

படித்தபோது சந்தோசமாக இருந்தது. எங்கட பக்கத்து ஆட்கள் நிலைமையைப் பார்க்கிறவர்கள்! பிறகு யோசித்தேன். அப்படியென்றால் "தீவார் கஞ்சர்" எங்கிருந்து வந்தது?

எங்கள் வீட்டுக் கலியாணம் ஒன்றை நினைத்துப் பார்த்தேன். சொந்தத்தில் ஒருவர் வரவில்லை என்றால், "பாவம், அங்க என்ன கரைச்சலோ" என்பார்கள். வேறு பகுதி ஆள் வரவில்லை என்றால், "அவையள் உப்பிடித்தான்" என்பார்கள். 1979இல் தாமஸ் பெட்டிக்ரூ எழுதியது ஏறக்குறைய இதைத்தான். வெளிக்கூட்டத்து ஆள் பிழை செய்தால் அது அந்தக் கூட்டத்தின் பிறவிக்குணம் என்போம். நல்லது செய்தால் அவர் ஒரு விதிவிலக்கு, அல்லது அதிர்ஷ்டம். நிலைமையைப் பார்க்கும் கண் எங்களிடம் இருக்கிறது. அதை எங்கட ஆட்களுக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

அந்த "எங்கட ஆட்கள்" யார் என்று முடிவு செய்யத்தான் "எந்த இடம்?" என்ற கேள்வி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். எந்த இடம், அங்க எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி, ஆற்ற பிள்ளை? நாலாவது கேள்வியில் சாதி வெளியே வந்துவிடும். இதில் தீவார் எல்லாம் பாவப்பட்டவர்கள் என்று நான் எழுதினால் அதுவும் பொய். எங்கள் தீவிலும் சாதி இருக்கிறது. இந்த நாலு கேள்விகளையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தே கேட்டிருக்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

என் அறையில் முல்லைத்தீவுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். நல்ல பிள்ளை, சத்தமில்லாத பிள்ளை. ஆனால் அவளுடைய பெட்டிக்குள் எப்போதும் சாப்பாடு இருக்கும். பிஸ்கட் பைக்கற்றுகள், பாண் துண்டுகள், சீனி, சின்னப் போத்தலில் அரிசிமா. யாரும் இல்லாத நேரம் திறந்து எண்ணிப் பார்ப்பாள். ஒருநாள் பாண் பூசணம் பிடித்து மணத்தபோது நான்தான் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "ஒளிச்சுத் தின்னி, ஒருத்தருக்கும் குடாமப் பூட்டி வச்சா இப்பிடித்தான்." அறை முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு நாங்கள் அவளைக் கூப்பிட்டதே அந்தப் பெயரால்தான்.

அடுத்த மே மாதம், முள்ளிவாய்க்கால் நினைவு வாரத்தில், சிரட்டையில் கஞ்சி கொடுத்தார்கள். நாங்கள் வரிசையில் நின்று வாங்கினோம். அவள் வாங்கவில்லை, ஒதுங்கி நின்றாள். ஏன் என்று கேட்டேன். "நான் உதைக் கனக்கக் குடிச்சிட்டன்" என்றாள். 2009இல் அவளுக்கு ஏழு வயது. பதுங்குகுழிக்குள் கஞ்சி. பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் சாப்பாட்டுக்கு வரிசை. அந்த வருடம் வன்னியில் இருந்து ஏறத்தாழ 3 லட்சம் சனம் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டது என்று நான் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். அந்தக் கணக்குக்குள் இருந்த ஒருத்தி என் கட்டிலுக்கு எதிர்க்கட்டிலில் படுத்தாள். அவள் பாணை எண்ணுவதை நான் கஞ்சத்தனம் என்றேன். எனக்கு வாளி என்றால் அவளுக்குப் பாண். இவ்வளவுக்கும் அந்த நேரம் காரணம் கற்பித்தல் வழுவைப் படித்து, விடைத்தாளில் எழுதி, நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநல மருத்துவர். போர் தனி ஆளை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று எழுதியவர். யாரையும் நம்பாமை, வாய் திறக்காமை போன்றவை ஒரு சமூகத்தின் நடத்தையாகவே மாறிவிடலாம். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது அந்தச் சனத்தின் "குணம்" மாதிரித்தான் தெரியும்.

அப்போதுதான் எனக்கு அம்மம்மாவின் ஞாபகம் வந்தது. நடுக்கடலில் போட்டின் இஞ்சின் சத்தம் குறைந்தால் அம்மம்மா என் கையை இறுக்கிப் பிடிப்பா. உதடு மட்டும் அசையும். கடற்கரையில் பிறந்த மனுசிக்குக் கடல் பயமா என்று சின்ன வயதில் நானே அவவைப் பகிடி பண்ணியிருக்கிறேன். 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவில் இருந்து போன குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, சனத்தை, குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொன்றார்கள். அந்தப் படகில் போனவர்களை அம்மம்மாவுக்குத் தெரியும். அவவுக்குக் கடல் பயமில்லை. போட் நிற்பதுதான் பயம்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் நிலைமைதான் காரணம் என்று சொல்லிவிடலாமா? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மில்லரின் ஆய்வில் மைசூர் ஆள் ஒருவர் சொன்ன சம்பவம் ஒன்று வரும். மோட்டார் சைக்கிள் விபத்து. ஓட்டிய வழக்கறிஞர், பின்னால் இருந்து காயப்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நீதிமன்றம் போய்விட்டார். காயப்பட்டவர் இறந்துபோனார். அந்த ஆள் தந்த விளக்கம், வழக்கறிஞருக்கு நீதிமன்றத்தில் கடமை இருந்தது என்பது. எனக்கு இந்த விளக்கம் நன்றாகப் பழக்கமானது. "எனக்குச் சாதி எல்லாம் இல்லைப் பிள்ளை, ஆனா சனம் கதைக்கும்" என்று கலியாணப் பேச்சை முறிக்கிறவர்கள் சொல்வதும் நிலைமைக் காரணம்தான். "எல்லாரும் சிரிச்சவை, நானும் சொன்னன்" என்று நான் என்னையே சமாதானப்படுத்தியதும் அதுதான்.

ஆகவே நான் இப்போது பழகப் பார்ப்பது, வழக்கத்துக்குத் தலைகீழான ஒன்று. மற்ற ஆளைப் பார்க்கும்போது முதலில் நிலைமையைத் தேடுவது. என்னைப் பார்க்கும்போது, நிலைமையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "நீ வேறு மாதிரிச் செய்திருக்கலாமா?" என்று கேட்பது. எழுதுவதற்கு லேசு. பாதி நாள் மறந்துபோகிறேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, அதை விடும்" என்றாள். விட்டாளா என்று தெரியாது. பெட்டி இப்பவும் பூட்டித்தான் இருக்கிறது. ஊரில் இருந்து வரும்போது நான் பனங்கட்டி கொண்டுவந்து அவளிடம் கொடுப்பேன். வாங்கி உள்ளே வைப்பாள். சில நாட்களில் எடுத்து எல்லோருக்கும் உடைத்துத் தருவாள்.

இந்த வருடம் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். கட்டில் காட்டுவது இப்போது என் வேலை. ஒருத்தி பையை வைத்து நிமிர முன்னமே என் வாயில் அந்தக் கேள்வி வந்துவிட்டது: "நீர் எந்த இடம்?"

"வவுனியாப் பக்கம் அக்கா."

அந்தப் "பக்கம்" எனக்குத் தெரிந்த சொல். அடுத்த கேள்வியை விழுங்கிக்கொண்டு சொன்னேன்: "நான் நெடுந்தீவு. காத்தடிச்சா திங்கட்கிழமை வரமாட்டன். குளிக்கிற தண்ணிக்குக் கணக்குப் பாப்பன். பகிடி பண்ணாதையும்."

சிரித்தாள். அவள் சரியாக எந்த இடம் என்று எனக்கு இன்னும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று நினைக்கும்போது சொல்லுவாள்.